ஒன்பது வயதுப் பெண்ணை டிராம்போலின் போட்டிக்கு அனுப்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள். இப்போது பயிற்சியாளர், 'இவளுக்கு டிராம்போலின்தான் சரிப்பட்டு வரும், நான்கு மாதத்தில் வயதுப் பிரிவுப் போட்டி இருக்கிறது, பெயர் கொடுத்துவிடலாம்' என்கிறார். அனுப்பலாமா, ஆரம்பிக்கத் தாமதமாகிவிட்டதா, அடிபடுமா, உயரம் வளராமல் போகுமா, வீட்டுக்கே ஒரு டிராம்போலின் வாங்கிவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பயிற்சியாளர் அவசரப்படுகிறாரா, இல்லை நீங்கள்தான் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்களா? அதை நீங்களே வகுப்பில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளுக்கு டிராம்போலின் சொல்லித் தருகிறேன். அதில் பாதிக் காலம் போட்டிகளில் நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. எலும்பு, வளர்ச்சி பற்றிக் கீழே சொல்வதெல்லாம் இந்த வேலைக்காகக் கற்றுக்கொண்டது. உங்கள் மகளுக்கு ஏதாவது வலி இருந்தால் என் பதிலைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அவளை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் இதுவரை பார்த்த ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கு நான்கு கருவிகள். டிராம்போலினில் ஒரே ஒரு கருவி, அதில் இடைவிடாமல் பத்துத் துள்ளல். அவ்வளவுதான் போட்டி. தயாராகத் துள்ளும் நேரத்தையும் சேர்த்தால்கூட ஒரு நிமிடம் பெரும்பாலும் தாண்டாது. 1934இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் நிசனும் லாரி கிரிஸ்வோல்டும் இன்றைய வடிவத்தில் முதல் டிராம்போலினைச் செய்தார்கள். சர்க்கஸில் ஊஞ்சல் கலைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டிய வலையில் விழுந்து துள்ளுவதைச் சிறுவனாகப் பார்த்ததுதான் நிசனுக்கு இந்த யோசனையைத் தந்தது. 1964இல் லண்டனில் முதல் உலகப் போட்டி, 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் முதல் பதக்கம். ஒலிம்பிக்கில் தனிநபர் டிராம்போலின் மட்டும்தான் உண்டு. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கருவியில் ஒரே நேரத்தில் துள்ளும் இணைப் போட்டி, டம்ளிங் (நீளமான பாதையில் தொடர்ந்து பல்டி அடிப்பது), இரட்டைச் சிறு டிராம்போலின் (ஓடிவந்து சிறிய கருவியில் துள்ளி மெத்தையில் இறங்குவது) ஆகியவை உலகப் போட்டிகளில் நடக்கின்றன.

போட்டிக் கருவியின் நடுவில் இருக்கும் வலைப்பரப்பை நாங்கள் 'பெட்' என்போம். நீளம் 4.28 மீட்டர், அகலம் 2.14 மீட்டர். தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கும். மெல்லிய நைலான் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்திருப்பார்கள், இடையில் ஓட்டைகள் தெரியும். வெறுங்காலோடு ஏறினால் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சாக்ஸோ மெல்லிய காலணியோ இல்லாமல் யாரையும் ஏற விடுவதில்லை. நடுவில் ஒரு சிலுவைக் குறி இருக்கும். குழந்தையின் கண்ணும் காலும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து சேர வேண்டும்.

இனி மதிப்பெண். பெற்றோர் பெரும்பாலும் புரியாமலே விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் உங்கள் கேள்விக்கான பாதி விடை இதற்குள் இருக்கிறது. மொத்த மதிப்பெண் நான்கு பகுதிகளின் கூட்டுத்தொகை. ஒன்று கடினம்: கால் சுற்றுப் பல்டிக்கு 0.1, அரைச் சுற்றுத் திருப்பத்துக்கு 0.1 என்று சேரும், முழுச் சுற்று முடித்தால் கூடுதலாக 0.1. ஒரு சாதாரணப் பின்பல்டி 0.5 பெறும். இரண்டாவது செய்நேர்த்தி, 20க்கு. கால் விரிந்தால், முழங்கால் மடங்கினால், உடலைத் தாமதமாக விரித்தால் ஒவ்வொரு துள்ளலிலும் ஒவ்வொரு நடுவரும் 0.5 வரை குறைப்பார். மூன்றாவது காற்றில் இருந்த நேரம். பத்துத் துள்ளலிலும் கால் பெட்டில் படாமல் இருந்த விநாடிகளைக் கருவி கூட்டித் தரும், அந்த விநாடிகள் அப்படியே மதிப்பெண்ணாகும். நான்காவது நடுநிலை, அதாவது நடுவிலிருந்து எவ்வளவு விலகினாள் என்பது. 10இல் தொடங்கி, தள்ளி இறங்கும் ஒவ்வொரு முறையும் 0.1, 0.2, 0.3 என்று குறையும். கருவி இல்லாத சிறு போட்டிகளில் கடைசி இரண்டையும் கண்ணால் கணிப்பார்கள், அல்லது விட்டே விடுவார்கள். ஆகவே உங்கள் போட்டிக்கு எந்த விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. ஒரு சிறுமி எளிய துள்ளல்களை மட்டும் செய்கிறாள்: கடினம் 0.9, செய்நேர்த்தி 17.2, காற்றில் 12.4 விநாடி, நடுநிலை 9.4. மொத்தம் 39.9. இன்னொருத்தி நான்கைந்து பல்டிகள் போடுகிறாள், ஆனால் தடுமாறுகிறாள்: கடினம் 2.8, செய்நேர்த்தி 14.1, காற்றில் 10.6, நடுநிலை 8.5. மொத்தம் 36.0. பார்வையாளர்கள் இரண்டாமவளுக்குத்தான் அதிகம் கைதட்டுவார்கள். மதிப்பெண் பலகையில் முதலாமவள் கிட்டத்தட்ட நான்கு மதிப்பெண் முன்னே நிற்பாள். இது தவிர, ஏழாவது துள்ளலில் பெட்டை விட்டு ஓரத்து மெத்தையைத் தொட்டுவிட்டால் தொடர் அங்கேயே முடிந்தது, அதுவரை செய்ததற்குத்தான் மதிப்பெண். ஒன்பது வயதில் கடினத்தின் பின்னால் ஓடுவது ஆபத்து மட்டுமில்லை, போட்டிக் கணக்கிலும் அது நஷ்டம்.

காற்றில் இருக்கும் நேரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பள்ளி இயற்பியலே போதும். ஒரு துள்ளலில் 1.2 விநாடி காற்றில் இருந்தால் உடல் சுமார் 1.75 மீட்டர் மேலே போயிருக்கிறது. உலகத் தரத்து ஆண்கள் 1.8 விநாடி இருப்பார்கள். அது ஏறக்குறைய 4 மீட்டர், பெட்டின் உயரத்தையும் சேர்த்தால் பாதங்கள் தரையிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேலே. நேரம் ஒன்றரை மடங்கானால் உயரம் இரண்டே கால் மடங்காகிறது. குழந்தைகள் உயரத்தைக் கால் பலத்தால் அடைவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வருவது நேராக இறங்குவதால். இரு பாதமும் நடுவில் ஒன்றாக விழுந்து, இடுப்பு நேராக இருந்து, பெட் அடியாழத்துக்குப் போய்த் திரும்பும்வரை கைகளும் கால்களும் பொறுத்திருந்தால் பெட்டே தூக்கிவிடும். கொஞ்சம் சாய்ந்து இறங்கினால் அதே பெட் பக்கவாட்டில் எறியும். குழந்தை உடனே அடுத்த துள்ளலில் அதைச் சரிசெய்யப் பார்ப்பாள், உயரம் போகும், உயரம் போனால் சுற்றி முடிக்க நேரம் போதாது. விபத்துகள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. விழும் துள்ளலில் தவறு இருப்பது அரிது, அதற்கு முந்திய இரண்டில் இருக்கும்.

அதனால் முதல் வகுப்பில் நான் துள்ளச் சொல்லித் தருவதில்லை, நிற்கச் சொல்லித் தருகிறேன். பாதம் பெட்டில் பட்டு, பெட் கீழே போய், திரும்ப மேலே எறிய வருகிற அந்த நொடியில் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, எறிகிற விசையைக் காலிலேயே வாங்கிக்கொண்டு நின்றுவிட வேண்டும். பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நல்ல நிறுத்தத்துக்குச் சத்தம்கூட வராது, ஸ்பிரிங்குகள் ஒரு முறை முனகிவிட்டு அடங்கும். 'நில்' என்று நான் எந்த நேரத்தில் சொன்னாலும், மூன்றாவது துள்ளலாக இருந்தாலும் எட்டாவதாக இருந்தாலும், அதே இறக்கத்தில் நிற்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் அடுத்த பாடம். நிற்கத் தெரிந்தவளுக்கு எதுவும் கைமீறிப் போவதில்லை. தப்பாகப் போகிறது என்று தோன்றினால் அங்கேயே முடித்துக்கொள்வாள். நிற்கத் தெரியாதவள் தொடர்ந்துகொண்டே போவாள், ஏனென்றால் அவளுக்கு வேறு வழி தெரியாது.

நிற்கக் கற்றபின் வரிசை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். நேர்த் துள்ளல், கால்களை மார்போடு சேர்ப்பது, விரிப்பது, நீட்டி மடிப்பது, அரைத் திருப்பம், முழுத் திருப்பம். பிறகு உட்கார்ந்து இறங்கி எழுவது, வயிற்றில் இறங்கி எழுவது, முதுகில் இறங்கி எழுவது. இவை கைக்கு வந்தபின்தான் முன்பல்டி, பின்பல்டி. அதற்கப்புறம் 'பரானி' என்று ஒன்று வரும்: முன்பல்டி அடித்துக்கொண்டே அரைச் சுற்றுத் திரும்பி, பெட்டைப் பார்த்தபடியே இறங்குவது. மேலே இருக்கிற கடினமான முன்பக்கப் பல்டிகளில் பெரும்பாலானவை இதன்மேல்தான் எழுகின்றன. ஒவ்வொரு புதிய பல்டியும் முதலில் இடுப்புப் பட்டையும் மேலே கட்டிய கயிறும் கொண்டோ, பஞ்சுக்குழியிலோ, இறங்கும் நேரத்தில் பயிற்சியாளர் தள்ளிப்போடும் மெத்தையிலோ பழகப்பட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. படிகளைத் தாண்டிக் கூட்டிப்போகிற இடத்திலிருந்து குழந்தையை வெளியே எடுத்துவிடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பயிற்சியாளரான நான்காவது வருடத்தில் என்னிடம் பத்து வயதில் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி. ஒரு வாரத்தில் பரானி வந்துவிட்டது. மூன்று வாரத்தில் போட்டி. அவளுக்கும் ஆசை, அவள் அப்பாவுக்கும் ஆசை, எல்லாரையும்விட எனக்கு ஆசை. பயிற்சியில் பரானியைத் தனியாகப் பத்து முறை செய்தால் ஒன்பது முறை சரியாக வரும். ஆனால் பத்துத் துள்ளல் தொடரில் எட்டாவதாக அதைச் செய்வது வேறு விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. போட்டியில் ஐந்தாவதில் கொஞ்சம் முன்னே போனாள், ஆறாவதில் இன்னும் கொஞ்சம், ஏழாவதில் உயரம் பாதியாகிவிட்டது. 'நில்' என்று கத்தினேன். அவளுக்கு நான் நிற்பதைப் பழக்கியிருக்கவில்லை. எட்டாவதில் ஓரத்து மெத்தையில் கையை ஊன்றி விழுந்தாள், முன்கை எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. பின்பல்டி அவளுக்குத் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. விழுந்தது முன்பல்டியில், ஆனால் பறிபோனது பின்பல்டி. அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: முழுத் தொடரையும் மூன்று தனித்தனி நாட்களில், மொத்தம் பத்து முறை, நடுவில் உடையாமல் செய்து முடித்தால்தான் போட்டிக்குப் பெயர் கொடுப்பேன். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, என் சொந்தக் கணக்கு.

அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் டிராம்போலினில் இது அரிதான விஷயமில்லை. நேற்றுவரை செய்துகொண்டிருந்த பல்டி இன்று திடீரென்று காணாமல் போகும். குழந்தை துள்ளுவாள், செய்யவேண்டிய நொடி வரும், உடல் மறுத்துவிடும். அல்லது காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவிலேயே விலகியது இதனால்தான். பிரிட்டனின் டிராம்போலின் வீராங்கனை பிரையனி பேஜும் இளம் வயதில் இதே சிக்கலில் மாட்டி, அடிப்படைத் துள்ளல்களிலிருந்து மீண்டும் கட்டி எழுப்பி வந்தவர். அது நிஜமான சிக்கல், பயங்கொள்ளித்தனமோ பிடிவாதமோ இல்லை, இதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கக் கூடாது. ஏன் வருகிறது, எப்படிப் போகிறது என்பதில்தான் ஒருமித்த பதில் கிடையாது. என் அனுபவத்தில் திட்டினாலும் கெஞ்சினாலும் நீள்கிறது. படிகளில் கீழே இறங்கி, பயமில்லாத இடத்திலிருந்து மறுபடி ஏறினால் பெரும்பாலும் திரும்புகிறது. சில பிள்ளைகளுக்குத் திரும்பவேயில்லை, அவர்கள் வேறு பல்டிகளோடு சந்தோஷமாக ஆடினார்கள்.

தாமதமாகிவிட்டதா என்று கேட்டீர்கள். நிச்சயமாக இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே பதினான்கு வயதில் உச்சம் என்ற எண்ணம் ருமேனிய வீராங்கனை நாடியா கொமனேச்சி காலத்திலிருந்து வருவது. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவர் முழுப் பத்து வாங்கியபோது வயது 14. அந்தக் காலம் போய்விட்டது. 1997இலிருந்து பெண்கள் அந்த ஆண்டில் 16 வயதை எட்டினால்தான் ஒலிம்பிக்கில் ஆட முடியும். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா டோக்கியோவில் ஆடியபோது வயது 46. டிராம்போலினில் மேலே சொன்ன பிரையனி பேஜ் ஆரம்பித்ததே ஒன்பதாவது வயதில், உங்கள் மகளின் வயதில். ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் 33 வயதில் தங்கம். உலக வயதுப் பிரிவுப் போட்டியிலேயே மிக இளைய பிரிவு 11–12 வயதுக்குத்தான். இரண்டு வருட ஜிம்னாஸ்டிக்ஸ் அவளுக்கு உடம்பை இறுக்கிப் பிடிக்கவும் கால் விரலை நீட்டவும் கற்றுக் கொடுத்திருக்கும், அது பெரிய முதல். ஆனால் ஒன்பது வயதில் ஒரு குழந்தையைப் பார்த்து 'இவள் பெரிய ஆளாக வருவாள்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். நானும் அப்படிச் சொல்லி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தவறியிருக்கிறேன்.

உயரம். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் குள்ளமாகிவிடுவார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. 2013இல் இந்தத் துறை ஆய்வாளர்கள் கூடி, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியால் வளர்ந்தபின் உள்ள உயரம் குறைவதாகத் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. குள்ளமானவர்களுக்கு இந்த விளையாட்டு எளிது, அதனால் அவர்கள் நிலைத்து நிற்கிறார்கள், உயரமானவர்கள் விலகிவிடுகிறார்கள். மேடையில் நிற்பவர்களை மட்டும் பார்த்து நாம் காரணத்தைத் தலைகீழாக்கிக்கொள்கிறோம். ஆனால் சாப்பாட்டைக் குறைத்தால் கதை வேறு. வளரும் உடம்புக்கு வேண்டிய சக்தி கிடைக்காவிட்டால் எலும்பும் மாதவிடாயும் வளர்ச்சியும் பாதிக்கப்படும், இதில் விளையாட்டு மருத்துவத்தில் ஐயமில்லை. எடையைக் குறைக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் ஒன்பது வயதுக் குழந்தையை ஒரு நாளும் விடாதீர்கள்.

அடிபடுவதைப் பொறுத்தவரை மறைக்க ஒன்றுமில்லை. கணுக்கால் பிசகும், முழங்காலும் கீழ்முதுகும் வலிக்கும், சில சமயம் கை எலும்பு முறியும். கைகளில் எடை தாங்கும் ஜிம்னாஸ்டிக்ஸோடு ஒப்பிட்டால் மணிக்கட்டுக்கு இதில் வேலை குறைவு. அப்புறம் வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி இருக்கிறது. குதிகால் பின்னால், முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று அவள் சொன்னால் அது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஓய்வு கொடுத்தால் சரியாகக்கூடியது, பொறுத்துக்கொண்டு ஆடினால் நீளும். பின்னால் வளையும்போது மட்டும் கீழ்முதுகில் ஒரே இடத்தில் வலிப்பது வேறு வகை. அது முதுகெலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம், அதற்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பெண்பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வேகமாக வளர்வார்கள். அந்த மாதங்களில் கையும் காலும் நீண்டு, திருப்பங்களின் கணக்கெல்லாம் தவறும். அப்போது புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு சுலபமான அளவு உண்டு: வயது எத்தனையோ அத்தனை மணிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மகளுக்கு அது ஒன்பது. தொடக்கத்தில் அதில் பாதிகூடத் தேவையில்லை.

ஒன்றை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். வேகமாகத் துள்ளும்போது பெண்களுக்குச் சிறுநீர் கசிவது இந்த விளையாட்டில் மிகச் சாதாரணம். 2002இல் சுவீடனில் 35 டிராம்போலின் வீராங்கனைகளிடம் கேட்டதில், சராசரி வயது 15தான், பத்தில் எட்டுப் பேர் ஆமாம் என்றார்கள். பிள்ளைகள் வெட்கத்தில் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், கறுப்பு உடைதான் வேண்டும் என்பார்கள், பிறகு ஒரு நாள் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று நின்றுவிடுவார்கள். என்னிடமிருந்து நின்ற ஒரு பெண், எட்டு வருடம் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னாள். இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன் எல்லாரும் கழிப்பறை போய்வருவது என் வகுப்பில் வழக்கம், யாரும் கேட்க வேண்டியதில்லை. நீங்களும் முன்கூட்டியே அவளிடம் சாதாரணமாகப் பேசிவிடுங்கள். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

இதோடு ஒட்டியே இன்னொன்று. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசருக்கு, சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2018இல் தண்டனை கிடைத்தபோது, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் தங்களுக்கு நடந்ததை நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2022இல் பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி வெளியான விசாரணை அறிக்கையில், குழந்தைகளை எடை போட்டு அவமானப்படுத்தியது, காயத்தோடு ஆட வைத்தது, தண்ணீரும் கழிப்பறையும் மறுத்தது எல்லாம் வந்தன. வெற்றி தந்த இடங்களில் நடந்தவை இவை. ஆகவே பதக்கப் பட்டியலைப் பார்த்து ஓர் இடத்தை நம்பாதீர்கள். பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? 'வேண்டாம், பயமாக இருக்கிறது' என்று ஒரு குழந்தை சொன்னால் என்ன நடக்கிறது? எந்தக் குழந்தையோடாவது ஒரு பெரியவர் தனியாக இருக்கிறாரா? இவற்றைத்தான் பாருங்கள்.

சரி, அந்த நான்கு மாதத்துக்கு வருகிறேன். பயிற்சியாளரிடம் போய், 'போட்டியில் இவள் என்னென்ன பத்துத் துள்ளல் செய்வாள்?' என்று கேளுங்கள். பல்டியே இல்லாத, அல்லது ஒன்றோ இரண்டோ மட்டும் உள்ள தொடக்கநிலைத் தொடரைச் சொன்னால், நான்கு மாதம் தாராளம், சந்தோஷமாக அனுப்புங்கள். அவளுக்கு நல்ல அனுபவமாக இருக்கும். 'பல்டி இல்லாமல் போனால் நன்றாக இருக்காது, ஆறேழு பல்டியாவது போட்டுவிடலாம்' என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அவள் பத்து நேர்த் துள்ளல் செய்யும்போது கால் சிலுவையை விட்டு எவ்வளவு தூரம் போகிறது, பத்தாவது முடிந்ததும் பெட்டில் அசையாமல் நிற்கிறாளா என்று கவனியுங்கள். போட்டியிலும் கடைசியில் மூன்று விநாடி நேராக நின்றே ஆக வேண்டும், நிற்காவிட்டால் மதிப்பெண் போகும். இறங்கும்போது பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாக இறங்குகிறார்களா, தரையில் குதிக்கிறார்களா என்றும் பாருங்கள். துள்ளிப் பழகிய கால் கெட்டித் தரையைச் சரியாக எடைபோடாது, கணுக்கால் பிசகுவது பல தடவை அங்கேதான். குதிக்க விடாத பயிற்சியாளர் மற்றதிலும் கவனமாக இருப்பார் என்று நம்பலாம்.

போட்டி நாளில் நான்கு மணி நேரம் காத்திருந்து அரை நிமிடம் ஆட வேண்டியிருக்கும். பழகிக்கொள்ளக் கிடைப்பதும் கொஞ்ச நேரம்தான். முதல் போட்டியில் பாதிப் பிள்ளைகள் எண்ணிக்கையை மறந்து ஒன்பதிலோ பதினொன்றிலோ நிற்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இறங்கி வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்காமல் பசிக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக வீட்டு டிராம்போலின். வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு வீட்டில் அதை வைத்து விளையாட வேண்டாம் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறது. 2012 அறிக்கையில் அவர்கள் சொன்ன கணக்குப்படி, அடிபடுவதில் முக்கால்வாசி ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து துள்ளும்போது நடக்கிறது. அதிலும் எடை குறைந்த குழந்தைக்குத்தான் ஆபத்து பல மடங்கு. பெரியவன் இறங்கும்போது பெட் கீழே போய்த் திரும்புகிறது, அந்த நேரத்தில் சின்னவளின் கால் பட்டால் அவள் தாங்கக்கூடியதைவிட அதிக விசை அவள் காலில் ஏறுகிறது. தனியாகத் துள்ளினாலும், பயிற்சியாளர் இல்லாத இடத்தில் அவள் செய்து பார்க்கப் போவது நேற்று வகுப்பில் பாதி கற்ற பல்டியைத்தான். கழுத்து எலும்பு அடிபடுவது அப்படித்தான். வீட்டில் அவளுக்கு ஒரு பாயும் ஸ்கிப்பிங் கயிறும் போதும். மல்லாந்து படுத்து, கீழ்முதுகைப் பாயோடு அழுத்தி, தலையையும் கால்களையும் லேசாகத் தூக்கி இருபது விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். சுவரில் கால் வைத்துக் கைகளில் நிற்கட்டும். கயிற்றைத் தாண்டும்போது தரையில் ஒரு சாக்பீஸ் குறி போட்டு, ஐம்பது முறையும் அதன் மேலேயே இறங்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.